வரைய வராத மாணவருக்கும் கலைக் கல்வி எதற்கு?

தேர்வு நெருங்கும்போது பள்ளியின் கால அட்டவணையிலிருந்து முதலில் காணாமல் போவது ஓவியப் பாடவேளைதான். கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ அதை வாங்கிக்கொள்வார், பெற்றோர் ஆட்சேபிப்பதில்லை, மாணவர்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வரையவும் பாடவும் பிறவியிலேயே கைவந்த சிலருக்குத்தான் கலைப் பாடம் பயன்படும், மற்றவர்களுக்கு அது இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று என்ற எண்ணம் அந்த அளவுக்கு ஊறிப்போயிருக்கிறது. இந்த எண்ணம் ஏன் பிழையானது என்பதையும், வரைவதில் சற்றும் ஆர்வமில்லாத மாணவருக்குக்கூட கலைக் கல்வி எதைக் கற்றுத் தருகிறது என்பதையும், இத்துறைக்குப் புதியவர்களுக்குப் புரியும்படி இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

கலைக் கல்வி என்பதில் ஓவியம், இசை, நடனம், நாடகம், களிமண் வேலை, அச்சு வேலை, ஒளிப்படம் எல்லாம் அடங்கும். எந்தக் கலையை எடுத்துக்கொண்டாலும் மாணவர் மூன்று வேலைகளைச் செய்கிறார். தானே ஒன்றைப் படைக்கிறார். பிறர் படைத்ததைக் கவனமாகப் பார்க்கிறார் அல்லது கேட்கிறார். இரண்டைப் பற்றியும் காரணத்தோடு பேசுகிறார். பல பள்ளிகளில் இவற்றுள் முதல் வேலை மட்டுமே, அதுவும் அரைகுறையாகவே நடக்கிறது. கரும்பலகையில் ஆசிரியர் வரைந்த பூவைப் பார்த்து ஐம்பது மாணவர்களும் அதே பூவை வரைந்து, அதே வண்ணத்தைத் தீட்டிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொள்வதைக் கலைக் கல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கலைக் கல்வியால் என்ன பயன் என்று கேட்பவர்களில் பலரும் இத்தகைய வகுப்பை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். அந்த வகுப்பைப் பொறுத்தவரை அவர்களுடைய ஐயம் நியாயமானதே.

இன்னொரு குழப்பத்தையும் தொடக்கத்திலேயே விலக்கிவிடலாம். கலைஞர்களை உருவாக்குவது வேறு, எல்லா மாணவர்களுக்கும் கலையைக் கற்பிப்பது வேறு. எல்லாக் குழந்தைகளுக்கும் எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறோம். அவர்கள் அனைவரும் கவிஞர்களாக வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. கவிஞராகப் போவதில்லை என்பதற்காக ஒரு குழந்தைக்கு எழுத்து வேண்டாம் என்று சொல்வதும் இல்லை. கலைப் பாடத்துக்கும் அதே நியாயம் பொருந்தும். திறமை மிக்க மாணவருக்கு மேற்பயிற்சி தரும் சிறப்பு வகுப்பு தனியாக நடக்கட்டும். இங்கே பேசப்படுவது வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மற்ற எல்லோரையும் பற்றியது.

ஒரு நாற்காலியை வரைதல்

பத்து வயது மாணவர் ஒருவரிடம் எதிரே இருக்கும் மர நாற்காலியைப் பார்த்து வரையச் சொன்னால், பெரும்பாலும் அவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாளின் மேல் குனிந்துகொள்வார். பிறகு நிமிர்வதே இல்லை. இருக்கைப் பலகைக்கு ஒரு சதுரம், அதன் நான்கு மூலைகளிலிருந்தும் கீழிறங்கும் சம நீளமுள்ள நான்கு கால்கள், பின்புறம் ஒரு சாய்மானம் என்று வரைந்துகொண்டே போவார். நாற்காலியைப் பற்றி அவருக்குத் தெரிந்த எல்லாமே அந்தப் படத்தில் இருக்கும். இருக்கை உண்மையிலேயே சதுரம்தான். கால்களும் உண்மையிலேயே சம நீளம்தான். ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் இருக்கை ஒரு நசுங்கிய நாற்கரமாகத் தெரியும். பின்கால்கள் முன்கால்களைவிடக் குட்டையாகவும், அவற்றின் அடி சற்று மேலேயும் தெரியும். கண் காட்டியதை விட்டுவிட்டு, மனம் சேமித்து வைத்திருந்த நாற்காலிச் சின்னத்தை அவர் வரைந்துவிட்டார். படம் சரியில்லை என்று அவருக்கே புரிகிறது, எங்கே சரியில்லை என்று மட்டும் பிடிபடுவதில்லை. ரப்பரால் அழித்து அழித்துத் தாள் தேய்ந்துபோன பிறகு, தனக்கு வரைய வராது என்ற முடிவுக்கு வருகிறார்.

பயிற்சி பெற்ற ஓவிய ஆசிரியர் இந்த இடத்தில் அந்தக் கையைப் பிடித்து வரைந்து காட்டமாட்டார். நாற்காலியை மறந்துவிட்டு, அதன் கால்களுக்கு நடுவே தெரியும் இடைவெளிகளை மட்டும் வரையச் சொல்வார். முன்கால்கள் இரண்டுக்கும் இடையில் தெரியும் வெற்றிடம் என்ன வடிவம்? முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையில் தெரியும் துண்டு, மேலே அகலமாகக் கீழே குறுகலாக இருக்கிறதா, அல்லது அதற்கு நேர்மாறாக இருக்கிறதா? அந்த இடைவெளிகளுக்குப் பெயர் கிடையாது, மனத்தில் அவற்றுக்கு ஆயத்தச் சின்னமும் கிடையாது. ஆகவே மாணவர் பார்த்தே தீர வேண்டியிருக்கிறது. அடுத்து, பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முன்காலின் உயரத்தில் பின்கால் எவ்வளவு தெரிகிறது என்று பென்சிலின் மேல் கட்டைவிரலை நகர்த்தி அளக்கச் சொல்வார். இப்போது தலை தாளுக்கும் நாற்காலிக்கும் இடையே ஓயாமல் நிமிர்ந்து தாழ்கிறது. பாடவேளை முடியும்போது கோடுகள் நடுக்கமாகத்தான் இருக்கும். இருந்தாலும் படத்திலுள்ள நாற்காலி தரையில் உட்கார்ந்திருக்கும்.

ஒரே பாடவேளையில் அந்த மாணவரின் கை மாறிவிடவில்லை. பார்க்கும் முறைதான் மாறியது. வரைதலின் பெரும்பகுதி கையில் இல்லை என்பதையும், பார்த்தல் என்பது சொல்லிக்கொடுத்தால் வரக்கூடிய ஒரு திறன் என்பதையும் இதைவிடத் தெளிவாகக் காட்டும் பயிற்சியை நான் அறியேன். படத்தைத் தலைகீழாக வைத்து வரையச் செய்யும் பயிற்சியை அமெரிக்க ஓவிய ஆசிரியை பெட்டி எட்வர்ட்ஸ் 1979-இல் பரவலாக்கினார். அதுவும் இதே வகையில்தான் வேலை செய்கிறது. தலைகீழாகப் பார்க்கும்போது மூக்கு மூக்காகத் தெரிவதில்லை, வெறும் கோடாகத் தெரிகிறது. மூளையின் வலப்பக்கம்தான் வரைகிறது என்று அவர் தந்த விளக்கத்தை இன்றைய மூளை ஆய்வு அப்படியே ஏற்பதில்லை. ஆனால் பயிற்சி பலன் தருகிறது.

தனக்கு வரைய வராது என்ற முடிவு ஏன் குறிப்பிட்ட ஒரு வயதில் வருகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. ஆஸ்திரியாவில் பிறந்து பின்னர் அமெரிக்காவில் பணியாற்றிய கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட், குழந்தைகளின் படங்கள் வயதுக்கேற்ப மாறும் படிநிலைகளை 1947-இல் வகுத்துக் காட்டினார். இரண்டு வயதிலிருந்து நான்கு வரை கிறுக்கல். அதன்பின் வட்டமான தலையிலிருந்து நேரடியாகக் கால் முளைக்கும் மனிதர்கள். ஏழு வயது வாக்கில் கீழே ஒரு தரைக்கோடு, மேலே வானம், நடுவில் எல்லோரும் நேர்வரிசையில் நிற்கும் ஒழுங்கான உலகம். ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுக்குள் பெரிய திருப்பம் நேர்கிறது. படம் உண்மையானதைப் போலவே இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு குழந்தைக்கு வந்துவிடுகிறது. அதற்குரிய திறனோ இன்னும் வரவில்லை. நேற்றுவரை தயங்காமல் யானையை வரைந்த குழந்தை இன்று தாளைக் கையால் மறைத்துக்கொள்கிறது.

இந்த வயதில் நாற்காலியின் இடைவெளியைக் காட்டிக்கொடுக்க ஒருவர் இருந்தால் குழந்தை அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடும். இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். நாற்பது வயதில் வரையச் சொன்னாலும் பத்து வயதுப் படத்தையே வரையும். பல பள்ளிகள் கலைப் பாடத்தைக் குறைக்கத் தொடங்குவதும் ஏறத்தாழ இதே வயதில்தான் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி. திறமையின்மை என்று நாம் முத்திரை குத்துவதில் பெரும்பகுதி, சொல்லிக்கொடுக்கப்படாமையே. ரவீந்திரநாத் தாகூர் தம் அறுபதுகளில்தான் முழு மூச்சாக ஓவியத்தில் இறங்கினார். 1930-இல் பாரிஸில் அவருடைய ஓவியக் கண்காட்சி நடந்தது. மறையும்போது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை விட்டுச் சென்றார். எல்லோரும் தாகூர் இல்லை என்பது சரிதான். ஆனால் கதவு எந்த வயதிலும் அடைபட்டுவிடுவதில்லை என்பதற்கு அவர் சான்று.

பார்வைப் பயிற்சி அறிவியலுக்கு என்ன செய்தது?

கவனித்துப் பார்ப்பது ஓவியருக்கு மட்டும் பயன்படும் திறன் என்று நினைப்பவர்கள் 1609-ஆம் ஆண்டில் நடந்ததை அறிந்துகொள்ள வேண்டும். அந்த ஆண்டு ஜூலை மாதத்தில் இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் என்ற தேர்ந்த கணித அறிஞர், தொலைநோக்கி வழியாக நிலவைப் பார்த்துப் படம் வரைந்தார். கலீலியோவுக்குச் சில மாதங்கள் முன்பே அதைச் செய்துவிட்டார். அவருடைய படத்தில் ஒளிப்பகுதியையும் இருட்பகுதியையும் பிரிக்கும் கரடுமுரடான ஒரு கோடும் சில திட்டுகளும் இருந்தன. அந்தக் கோடு ஏன் கரடுமுரடாக இருக்கிறது என்பதற்கு அதில் விளக்கம் ஏதுமில்லை. அதே ஆண்டின் இறுதியில் இத்தாலியில் கலீலியோ பார்த்தபோது, இருட்பகுதிக்குள் தனித்தனியே மின்னும் ஒளிப்புள்ளிகளையும், வட்டமான திட்டுகளின் ஒருபுறம் நிழலும் மறுபுறம் வெளிச்சமும் விழுந்திருப்பதையும் கண்டு, அவை சூரிய ஒளி படும் மலைமுகடுகள், பள்ளங்கள் என்று புரிந்துகொண்டார். அவற்றை நீர்வண்ணத்தில் ஒளியும் நிழலுமாகத் தீட்டி வைத்தார். 1610-இல் அவர் வெளியிட்ட நூல், நிலவு வழுவழுப்பான உருண்டை என்ற நெடுங்கால நம்பிக்கையைத் தகர்த்தது.

கலீலியோவின் தொலைநோக்கி ஏறத்தாழ இருபது மடங்கு பெரிதாக்கிக் காட்டியது, ஹாரியட்டினுடையது ஆறு மடங்குதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் கருவி மட்டுமே காரணம் அன்று எனக் கலை வரலாற்றாளர்கள் வாதிடுகிறார்கள். வளைந்த பரப்பின் மேல் நிழல் எப்படி விழும், பள்ளத்தின் நிழல் எந்தப் பக்கம் இருக்கும், மேட்டின் நிழல் எந்தப் பக்கம் இருக்கும் என்பதெல்லாம் ஃப்ளாரன்ஸ் நகரில் வரைதல் கற்றவர்களுக்குப் பாலபாடம். கலீலியோ அந்தப் பயிற்சி உள்ளவர். 1613-இல் அந்நகரின் வரைகலைக் கழகம் அவரை உறுப்பினராகவே சேர்த்துக்கொண்டது. கலீலியோவின் நூல் வெளிவந்த பிறகு ஹாரியட் வரைந்த நிலவுப் படங்களில் பள்ளங்கள் தெளிவாக இடம்பெற்றன. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த பிறகு அவர் கண்ணுக்கும் அவை புலப்பட்டன.

ஸ்பெயின் நாட்டு நரம்பியல் அறிஞர் சான்டியாகோ ரமோன் இ கஹாலின் வாழ்க்கையும் இங்கே நினைவுகூரத் தக்கது. சிறுவயதில் ஓவியராக விரும்பிய அவரை மருத்துவரான தந்தை தடுத்து, உடற்கூறு பயிலும் வழியாக எலும்புகளை வரைய வைத்தார். இத்தாலியின் கமில்லோ கோல்ஜி கண்டுபிடித்த சாயமேற்றும் முறையைக் கொண்டே அவர் மூளைத் திசுவைப் பார்த்தார். ஆனால் கோல்ஜி தொடர்ச்சியான ஒரே வலையைக் கண்ட இடத்தில், கஹால் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும் தனித்தனிச் செல்களைக் கண்டு நுணுக்கமாக வரைந்தார். 1906-இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு வழங்கப்பட்டது. கஹால் கண்டதே சரி என்பதைப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு மின்னணு நுண்ணோக்கி உறுதிசெய்தது. அவருடைய கோட்டோவியங்கள் இன்றும் பாடநூல்களில் அச்சாகின்றன.

இவை மேதைகளின் கதைகள் என்று ஒதுக்கிவிடத் தேவையில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களை ஓவியக் கூடத்துக்கு அழைத்துச் சென்று, ஒரு படத்தின் முன் நிறுத்தி, முடிவு எதுவும் சொல்லாமல் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் விவரிக்கச் செய்தார்கள். அப்பயிற்சி பெற்ற மாணவர்கள் நோயாளிகளின் ஒளிப்படங்களிலிருந்து அறிகுறிகளைக் கண்டறிவதில் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்ததாக 2001-இல் ஒரு மருத்துவ ஆய்விதழில் முடிவு வெளியாயிற்று. பின்னர் வேறு பல மருத்துவக் கல்லூரிகளும் இத்தகைய வகுப்புகளை நடத்தத் தொடங்கின. அந்த மாணவர்கள் யாரும் ஓவியர்கள் இல்லை, ஓவியராகப் போகிறவர்களும் இல்லை.

விடைக்குறிப்பு இல்லாத வேலை

பள்ளியில் மாணவர் சந்திக்கும் கேள்விகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு விடை முன்கூட்டியே எங்கோ எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. மாணவரின் வேலை அந்த விடையை அடைவது. இது தேவையான பயிற்சிதான். ஆனால் வாழ்க்கையில் எதிர்ப்படும் சிக்கல்களில் பலவற்றுக்கு விடைக்குறிப்பு கிடையாது. என்ன செய்தால் சரியாகும் என்று தானே முடிவெடுக்க வேண்டும், எடுத்த முடிவின் விளைவைப் பார்த்து அடுத்த முடிவை மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்குப் பள்ளியில் அன்றாடம் பயிற்சி தரும் இடம் கலை வகுப்பு.

மாலை வானத்தை நீர்வண்ணத்தில் தீட்டும் ஒரு மாணவியைப் பாருங்கள். மேலே நீலம், கீழே ஆரஞ்சு என்று எண்ணித்தான் தொடங்கினாள். நீலம் காய்வதற்குள் ஆரஞ்சைத் தொட்டுவிட்டாள். இரண்டும் கலந்து நடுவில் பழுப்பும் சாம்பலுமான ஒரு பட்டை படர்ந்துவிட்டது. நீர்வண்ணத்தை அழிக்க முடியாது. இப்போது அவள் முன்னே பல வழிகள் இருக்கின்றன. ஈரத் துணியால் ஒற்றி எடுத்து வெளிறச் செய்யலாம். அந்தப் பழுப்பையே மேகமாக மாற்றிவிடலாம். அதன் மேல் தொலைதூரக் குன்றுகளை வரைந்து மறைக்கலாம். அல்லது தாளைப் புரட்டி முதலிலிருந்து தொடங்கி, இம்முறை நீலம் காயும்வரை பொறுத்திருக்கலாம். எது சரி என்று எந்த விடைத்தாளிலும் எழுதியிருக்கவில்லை. மேகமாக மாற்ற முடிவெடுத்தால் படத்தின் மீதிப் பகுதியும் அதற்கேற்ப மாற வேண்டும். மேகம் மூடிய வானத்தின் கீழ் இருக்கும் மரத்துக்குப் பளிச்சென்ற பச்சை பொருந்தாது. ஆக, எண்ணித் தொடங்கியதை விட்டுக்கொடுத்து, கையில் வந்து சேர்ந்ததோடு பேசிப் பேசி, முழுமையான ஒன்றை நோக்கி அவள் நகர்கிறாள்.

செயலின் நடுவே நோக்கத்தையே திருத்திக்கொள்ளும் இந்தத் திறனைத்தான் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த எலியட் ஐஸ்னர் கலைக் கல்வியின் தலையாய கொடைகளுள் ஒன்றாகக் கருதினார். ஒரு சிக்கலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நல்ல தீர்வுகள் இருக்கலாம் என்பதும், சிறிய வேறுபாடு பெரிய விளைவை உண்டாக்கும் என்பதும் அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்திய கருத்துகள். பின்னர் ஆய்வாளர்கள் லோயிஸ் ஹெட்லண்ட், எலன் வின்னர் ஆகியோர் தம் குழுவினருடன் சேர்ந்து, நல்ல ஓவிய வகுப்புகளில் நேரடியாக உட்கார்ந்து அங்கே என்ன கற்பிக்கப்படுகிறது என்று கவனித்தார்கள். கருவிகளைக் கையாளும் திறனோடு, விடாமல் ஈடுபடுதல், இன்னும் இல்லாததை மனக்கண்ணில் காணுதல், உற்று நோக்கல், தன் வேலையைத் தானே சீர்தூக்கிப் பார்த்தல், தெரிந்த எல்லையைத் தாண்டிச் சோதித்துப் பார்த்தல் போன்ற எட்டு மனப்பழக்கங்கள் அங்கே வளர்க்கப்படுவதாக 2007-இல் எழுதினார்கள்.

இசையிலும் நாடகத்திலும் இவற்றோடு வேறொன்று சேர்கிறது. குழுவாகப் பாடும்போது தன் குரலை எழுப்பியபடியே பக்கத்திலிருப்பவரின் குரலையும் கேட்க வேண்டும். தான் மட்டும் முந்தினால் பாட்டு கெட்டுவிடும். நாடகத்தில், தனக்குப் பிடிக்காத ஒரு பாத்திரத்தை ஏற்கும் மாணவர், அந்த ஆள் ஏன் அப்படிப் பேசுகிறான் என்று உள்ளிருந்து யோசித்தாக வேண்டும். யோசிக்காமல் ஒப்பித்தால் பார்ப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

மதிப்பெண் கூடுமா?

கலை கற்றால் கணக்கில் மதிப்பெண் கூடும் என்ற வாதம் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. கலைக் கல்வியின் மேல் அக்கறை உள்ளவர்களே இதைச் சொல்கிறார்கள் என்பதால், இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1993-இல் கல்லூரி மாணவர்கள் 36 பேருக்கு ஐரோப்பிய இசையமைப்பாளர் மொசார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்கச் செய்து, பிறகு உருவங்களை மனக்கண்ணில் மடித்தும் திருப்பியும் பார்க்க வேண்டிய புதிர்களைக் கொடுத்தபோது, அவர்கள் சற்றுக் கூடுதலாக மதிப்பெண் பெற்றதாக ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்த விளைவு கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. ஆய்வில் குழந்தைகளே கிடையாது. இருந்தும் மொசார்ட் கேட்டால் குழந்தைகளின் அறிவு வளரும் என்று செய்தி பரவி, 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைப்பதிவு வழங்க அரசுப் பணம் கேட்கும் அளவுக்குப் போனது. பின்னர் நடந்த ஆய்வுகள் இந்த நம்பிக்கையைத் தாங்கிப் பிடிக்கவில்லை.

2000-ஆம் ஆண்டில் எலன் வின்னரும் லோயிஸ் ஹெட்லண்டும் அதுவரை நடந்த ஏராளமான ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். கலை பயிலும் மாணவர்கள் பிற பாடங்களிலும் நன்றாகப் படிப்பது உண்மைதான். ஆனால் கலை பயின்றதால்தான் அப்படிப் படித்தார்கள் என்று சொல்லப் போதிய சான்று பொதுவாக இல்லை என்பது அவர்களின் முடிவு. வசதியும் ஊக்கமும் உள்ள குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டிலும் முன்னிற்பது இயல்புதானே. டொரோண்டோவைச் சேர்ந்த உளவியல் ஆய்வாளர் க்ளென் ஷெல்லன்பர்க் 2004-இல் ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனையில், ஓராண்டு இசை கற்றவர்களின் நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) மற்றவர்களைவிடச் சிறிதளவே கூடுதலாக உயர்ந்தது. நாடகம் கற்றவர்களிடம் பிறரோடு பழகும் பாங்கு மேம்பட்டிருந்தது.

என் கருத்தில், கணக்கு மதிப்பெண்ணைக் காட்டிக் கலைக்கு இடம் கேட்பது கலைக்கே இழைக்கும் தீங்கு. கணக்கில் மதிப்பெண் கூட வேண்டுமானால் அந்த நேரத்தில் கணக்கையே நடத்தலாமே என்று யாராவது கேட்டால் அதற்கு மறுமொழி கிடையாது. வேதியியல் கற்றால் வரலாற்றில் மதிப்பெண் கூடுமா என்று நாம் கேட்பதில்லை. வேதியியலில் கற்பது வேதியியலுக்காகவே மதிக்கப்படுகிறது. கலையும் தான் கற்றுத் தருவதைக் கொண்டே மதிக்கப்பட வேண்டும்.

அப்படி மதிப்பிட்ட ஆய்வுகளும் இருக்கின்றன. ஹூஸ்டன் நகரில் 42 பள்ளிகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்டு, எந்தப் பள்ளிகளுக்குக் கூடுதல் கலை வாய்ப்பு என்பதைக் குலுக்கலில் தீர்மானித்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 2019-இல் வெளிவந்தன. வாய்ப்புப் பெற்ற பள்ளிகளில் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான மாணவர்களின் பங்கு 3.6 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது. எழுத்துத் திறனும் பிறர்பால் பரிவும் கூடின.

யாருக்கு அதிகம் வேண்டும்?

பள்ளி தராவிட்டாலும் சிலருக்குக் கலை கிடைத்துவிடும். வசதியுள்ள பெற்றோர் தனி ஆசிரியரை அமர்த்துவார்கள், கருவி வாங்கித் தருவார்கள், கண்காட்சிக்கு அழைத்துப் போவார்கள். பள்ளி அந்தப் பாடவேளையைக் கைவிடும்போது உண்மையில் இழப்பவர்கள், வேறெங்கும் அதைப் பெற வழியில்லாத மாணவர்கள்தாம். எல்லோருக்கும் கலைக் கல்வி என்ற கோரிக்கையின் வலுவான காரணம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

இதற்கு அளந்து பார்த்த சான்றும் உண்டு. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2011-இல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, மாணவர்களை அழைத்துவர விரும்பிய பள்ளிகள் இடத்துக்கு மிஞ்சி இருந்ததால் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். ஏறத்தாழ 11,000 மாணவர்களை ஆராய்ந்ததில், ஒரே ஒரு முறை சென்று வந்தவர்கள்கூட, அதன்பின் தாங்கள் பார்த்தறியாத ஓர் ஓவியத்தைப் பற்றி எழுதும்போது கூடுதல் விவரங்களைக் கவனித்து, ஆராய்ந்து எழுதினார்கள். கிராமப்புறப் பள்ளி மாணவர்களிடமும் ஏழ்மை மிகுந்த பள்ளிகளின் மாணவர்களிடமும் இந்த மாற்றம் மற்றவர்களிடம் கண்டதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருந்தது.

உடல் குறைபாடோ மொழித் தடையோ உள்ள மாணவர்களையும் இந்த ‘எல்லோரும்’ உள்ளடக்குகிறது. முன்பு குறிப்பிட்ட லோவன்ஃபெல்ட், படிநிலைகளை வகுப்பதற்கு முன் வியன்னாவில் பார்வையற்ற குழந்தைகளுக்குக் களிமண்ணில் உருவம் செய்யக் கற்றுக்கொடுத்தவர். தொட்டறிந்த உலகத்தை அந்தக் குழந்தைகள் களிமண்ணில் வடித்ததைக் கண்டுதான், கண்ணால் காண்பதை நகலெடுப்பது மட்டுமே கலை இல்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார். வகுப்பறை மொழி இன்னும் பிடிபடாத குழந்தைக்கும், தன் துயரத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாத குழந்தைக்கும், தாளும் வண்ணமும் பேச ஓர் இடம் தருகின்றன. 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தன் 31-ஆம் பிரிவில், கலைகளிலும் பண்பாட்டு வாழ்விலும் பங்கேற்பதை ஒவ்வொரு குழந்தையின் உரிமையாகவே குறிப்பிடுகிறது.

வகுப்பறையில் எப்படி இருக்க வேண்டும்?

விலையுயர்ந்த பொருள்கள் தேவையில்லை. தாள், பென்சில், கரி, களிமண், மூன்று அடிப்படை வண்ணங்கள் இருந்தால் பல ஆண்டுகளுக்கு வேலை இருக்கிறது. சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றை மட்டும் கொடுத்து, ஓர் இலையின் பச்சையைக் கலந்து கொண்டுவரச் சொன்னால், முதலில் வரும் பச்சை கண்ணைக் கூசும். அதில் ஒரு துளி சிவப்பைச் சேர்த்தால்தான் இலையின் பச்சை அடங்கி வரும் என்பதை மாணவர்கள் தாமே கண்டுபிடிப்பார்கள். இருபத்து நான்கு வண்ணப் பெட்டி இந்தக் கண்டுபிடிப்புக்குக் குறுக்கே நிற்கும். அச்சிட்ட கோட்டுப் படங்களுக்கு வண்ணம் நிரப்பும் புத்தகங்களைச் சிறு குழந்தைகளின் ஓய்வு நேரத்துக்கு விட்டுவிடலாம். பாடவேளையை அவற்றுக்குச் செலவிடுவது வீண்.

மதிப்பீடு பற்றியும் ஒரு சொல். முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று வரிசைப்படுத்தினால், மூன்று மாணவர்கள் மகிழ்வார்கள், மீதி நாற்பது பேர் தாங்கள் இதற்கு ஆகாதவர்கள் என்று உறுதிசெய்துகொள்வார்கள். ஒவ்வொரு மாணவரும் தம் படங்களைத் தேதியிட்டு ஒரே உறையில் சேர்த்து வைத்து, பருவ முடிவில் அவற்றைப் பரப்பிப் பார்த்து, எது மாறியிருக்கிறது, அடுத்து எதை முயலப்போகிறோம் என்று நான்கு வரி எழுதினால், அதுவே நல்ல மதிப்பீடு. அழகாக இருக்கிறது என்று பொதுவாகப் பாராட்டுவதைவிட, இந்த மரத்தின் அடியில் நிழலை ஏன் இடப்பக்கம் வைத்தாய் என்று கேட்பது குழந்தைக்கு அதிகம் உதவும். வீட்டில் பெற்றோரும் இப்படியே கேட்கலாம்.

தமக்கே வரையத் தெரியாத வகுப்பாசிரியர்கள் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அவர்கள் பார்ப்பதிலிருந்தும் பேசுவதிலிருந்தும் தொடங்கலாம். ஃபிலிப் யெனவைன், அபிகெயில் ஹவுசன் ஆகிய இருவர் உருவாக்கிய முறையில், வகுப்புக்கு முன் ஓர் ஓவியத்தை வைத்து, சில நிமிடங்கள் பேசாமல் பார்க்கவிட்டு, மூன்றே கேள்விகள் கேட்பார்கள்: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? வேறு என்ன தெரிகிறது? உயிர்ப்பு முழுவதும் இரண்டாம் கேள்வியில் இருக்கிறது. படத்தில் இருக்கும் பெண் சோகமாக இருக்கிறாள் என்று ஒரு மாணவர் சொன்னால், ஆசிரியர் சரி என்றும் சொல்வதில்லை, தவறு என்றும் சொல்வதில்லை. எதைப் பார்த்துச் சொன்னாய் என்கிறார். மாணவர் தாழ்ந்த இமையையோ மடியில் கோத்திருக்கும் கைகளையோ சுட்டிக்காட்ட வேண்டும். இன்னொருவர் எழுந்து, அவள் களைத்திருக்கிறாள், பக்கத்தில் கூடை இருக்கிறது பாருங்கள் என்கிறார். இரண்டு வாசிப்புகளும் ஒரே படத்தில் சான்றோடு நிற்கின்றன. இதுவரை வகுப்பில் வாய் திறக்காத குழந்தை பேசத் தொடங்குவதும் பெரும்பாலும் இத்தகைய வேளையில்தான்.

செய்முறைக்கு மட்டும் பயிற்சி பெற்ற ஆசிரியர் கட்டாயம் வேண்டும். தொடக்க வகுப்புக் குழந்தைகள் தாளும் நேரமும் கிடைத்தால் தாமாகவே வரைந்துகொண்டு போவார்கள். பெரிய வகுப்பு மாணவர்களில் ஆர்வம் நிலைத்தவர்கள் எப்படியாவது தேடிக் கற்றுக்கொள்வார்கள். ஒரே ஓர் ஓவிய ஆசிரியரை மட்டுமே அமர்த்த முடிந்த பள்ளி, அவரை ஒன்பது முதல் பதின்மூன்று வயதுவரை உள்ள வகுப்புகளுக்கு முழுமையாக ஒதுக்கி, அந்தப் பாடவேளையை எந்தத் தேர்வுக்காகவும் பிறருக்கு விட்டுக்கொடுக்காமல் காக்க வேண்டும்.